செத்த மருந்து

பூனைக்கு வக்கீல் என்று பெயர் வைத்தது தங்கச்சிதான். உடம்பு முழுக்கக் கறுப்பு, கழுத்தில் மட்டும் வெள்ளைப் பட்டை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் பின்வாசல் வழியே தானாக உள்ளே வந்து, சமையலறை நடுவில் உட்கார்ந்து, வீட்டில் இருந்த இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. கோட்டுப் போட்டுக்கொண்டு வழக்குக் கேட்க வந்த மாதிரியே இருந்தது.

வந்த இடத்தில் அதற்கு வேலையும் காத்திருந்தது. அந்த வீட்டில் இருந்தது அண்ணன் ஒருத்தர், தங்கச்சி ஒருத்தி. இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. பூனை வருவதற்கு முன்னால் அவள் சுவரைப் பார்த்துச் சொல்வாள், அவர் ஜன்னலைப் பார்த்துப் பதில் சொல்வார். பூனை வந்த பிறகு சுவருக்கும் ஜன்னலுக்கும் விடுதலை கிடைத்தது.

"வக்கீல், சோறு ஆறிப் போகுதுன்னு அந்தாளுகிட்ட சொல்லு."

"வக்கீல், எனக்குக் காது நல்லாத்தான் கேக்குதுன்னு சொல்லு."

பூனை இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுக் காலை நக்கிக்கொள்ளும். சம்பளம் மூன்று வேளை மீன் தலை.

அண்ணனைத் தெருவில் குடோன்காரர் என்பார்கள். மருந்து மொத்த வியாபாரக் குடோன் ஒன்றில் இருபத்தாறு வருஷம் பெட்டி சுமந்தவர். மூன்றாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார், அதுவும் பெரிய எழுத்தாக இருந்தால். எண் மட்டும் எவ்வளவு பொடியாக இருந்தாலும் தெரியும். குடோனில் அதுதான் வேண்டியது. பெட்டியைத் திருப்பி, அடியில் அச்சடித்த மாசத்தையும் வருஷத்தையும் பார்த்து, உயிரோடு இருப்பதை வலது பக்கம் அடுக்க வேண்டும், செத்ததை இடது மூலையில் போட வேண்டும். தேதி தாண்டிய சரக்குக்கு அங்கே செத்தது என்றுதான் பெயர். முதலாளியிலிருந்து வாசல் பெருக்குகிறவள்வரை அப்படித்தான் சொல்வார்கள். "இந்த லோடுல எத்தனை செத்துச்சு?" "இருமல் மருந்து நாப்பது பெட்டி செத்துப்போச்சு." செத்த மூலையில் குவிந்த சரக்கில் பாதி கம்பெனிக்குத் திரும்பிப் போகும். மீதிப் பாதி எங்கே போகும் என்று கேட்கக் கூடாது. கேட்டவன் மறுநாள் வேலைக்கு வரத் தேவையில்லை.

குடோன்காரர் கேட்டதில்லை.

அண்ணனும் தங்கச்சியும் பேசாமல் போனதற்கும் அந்த மூலைக்கும் சம்பந்தம் உண்டு. தங்கச்சி புருஷனுக்கு நுரையீரலில் சளி கட்டிப் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசி மருந்தை வெளிக்கடையில் வாங்க வேண்டாம், நான் குடோனிலிருந்து கொண்டு வருகிறேன் என்று மார்தட்டியது குடோன்காரர்தான். கணக்குப்பிள்ளை காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான். இவர் வாங்கி வந்தார். பக்கத்துத் தெரு நர்ஸம்மா தினமும் வந்து போட்டுவிட்டுப் போனாள். ஒன்பதாவது நாள் மச்சான் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு, காலியான குப்பிகளைப் பொறுக்கிப் பார்த்த தங்கச்சி, ஒவ்வொன்றிலும் தேதி இருக்கும் இடத்தில் லேபிள் சுரண்டியிருப்பதைக் கண்டாள்.

"தேதி பாத்தியா?" என்று அன்றைக்குக் கேட்டாள்.

"பாத்தேன். என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்றேன். நல்ல உயிரோட இருந்துச்சு."

அவள் நம்பவில்லை. நம்பாமலும் இல்லை. அதுதான் பெரிய சித்திரவதை. நம்பாமல் இருந்திருந்தால் வீட்டை விட்டே போயிருப்பாள். அந்த இரண்டுக்கும் நடுவில் பதினோரு வருஷமாக இருந்துகொண்டு, நேராகப் பேசுவதை மட்டும் நிறுத்தி வைத்திருந்தாள்.

அவர் பார்க்கவில்லை. சுற்றிய காகிதத்தை அவர் பிரிக்கவே இல்லை. இது அவருக்கு மட்டும் தெரியும். அதனால்தானோ என்னவோ, அதற்கப்புறம் அவர் உலகத்தில் எதையும் நம்பியதில்லை. பால் பாக்கெட்டில் தேதி பார்ப்பார். தீப்பெட்டியில்கூடத் திருப்பிப் பார்ப்பார். பிஸ்கட் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரியிடம், "எப்ப செத்ததும்மா இது?" என்று கேட்டு ஜென்மப் பகை தேடிக்கொண்டார்.

இப்படி இருக்கும்போதுதான் தெருவில் பூனைகள் விழ ஆரம்பித்தன.

முதலில் அச்சகத்துக்குப் பின்னால் சாக்கடை ஓரம் ஒன்று. இரண்டு நாள் கழித்து டயர் கடை வாசலில் ஒன்று. அப்புறம் ஒரு தாயும் மூன்று குட்டிகளும் ஒரே சாக்குக்குள். வாந்தி, ரத்தக் கழிச்சல், இரண்டே நாளில் முடிந்தது. குப்பை வண்டிக்காரர் குச்சியால் தள்ளி ஏற்றிக்கொண்டு போனார். வக்கீலுக்கு அந்த நோய் இல்லை. ஆனால் ஒரு மாசமாகவே இளைத்திருந்தது. ஈறு வெள்ளைத் துணி மாதிரி வெளுத்திருந்தது.

"வக்கீல், உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு. வீட்டுல ஆம்பளைன்னு ஒண்ணு சும்மாதானே உக்காந்திருக்கு."

"வக்கீல், ஆம்பளை செருப்பு மாட்டிட்டான்னு சொல்லு."

மார்க்கெட் பையில் துண்டை விரித்து, பூனையை உட்காரவைத்து, தலை மட்டும் வெளியே தெரியும்படி ஜிப்பை இழுத்துக்கொண்டு கிளம்பினார்.

மருத்துவமனை இரண்டாம் மாடியில். ஸ்டீல் மேஜை, சுவரில் நாயின் எலும்புக்கூட்டுப் படம், மூலையில் சின்ன ஃப்ரிட்ஜ். டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். கண்ணுக்குக் கீழே தூங்காத கறுப்பு. பூனையின் வாயைத் திறந்து பார்த்தார், கழுத்தை அமுக்கினார், முன்னங்காலில் மயிரைச் சிரைத்துக் கொஞ்சம் ரத்தம் எடுத்தார். வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை ஒன்றில் மூன்று சொட்டு விட்டு, பத்து நிமிஷம் பொறுங்கள் என்றார். குடோன்காரர் அந்தப் பட்டை வந்த உறையைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்துத் தேதி பார்த்தார். உயிரோடுதான் இருந்தது.

பட்டையில் இரண்டு நீலக்கோடு வந்தது.

"ஐயா, இவனுக்குப் பூனை லுகேமியான்னு ஒரு வைரஸ். ரத்தத்துல இருக்கு. மனுஷனுக்கு ஒட்டாது."

"ஒட்டினா ஒட்டட்டும். ஏற்கனவே எனக்குச் சர்க்கரை, பிரஷர், மூட்டுவலின்னு ஒரு கூட்டமே குடியிருக்கு. இதுக்கு ஊசி உண்டா?"

"தடுப்பூசி உண்டு. ஆனா நோய் வர்றதுக்கு முன்னாடி போடணும். இப்ப போட்டுப் பிரயோஜனம் இல்ல. வீண்."

குடோன்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். விற்க வாய்ப்பு இருந்தும் வீண் என்று சொல்கிற கடைக்காரரை அவர் பார்த்ததில்லை. கொஞ்சம் மரியாதை வந்தது.

"சரி. தெருவுல கழிச்சல்ல சாகுதே, அதுக்கு?"

டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அதைத்தான் யோசிக்கிறேன். இவன் உடம்புல எதிர்ப்பு சக்தி குறைஞ்சு போச்சு. தெரு நோய் வந்தா ஒரு நாள்கூடத் தாங்க மாட்டான். அதனால ஊசி போடறது நல்லது. ஆனா எந்த ஊசின்னு பாக்கணும். சாதாரணமா எல்லாப் பூனைக்கும் போடறதுல கிருமி உயிரோட இருக்கும், சோர வச்சிருப்பாங்க. நல்ல பூனைக்கு அது ஒண்ணும் பண்ணாது. இவனை மாதிரி..."

இங்கே போன் அடித்தது. வெளியே நாய் ஒன்று குரைத்தது, அதோடு நாய்க்காரரும் கத்தினார். டாக்டரம்மா போனை எடுத்து, "வர்றேன், வர்றேன், காலைக் கட்டி வைங்க" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். ஒரு கை போனில், ஒரு கை கையுறையில், இவரைப் பார்த்து மீதியைச் சொன்னார்.

"...அதனால இவனுக்கு உயிருள்ளது வேண்டாம். செத்த மருந்துதான் போடணும். ஸ்டாக் இல்ல, சொல்லிவிடறேன், ஆறேழு நாள் ஆகும். மூணு வாரம் விட்டு ரெண்டு தடவை. எந்த ஊசியிலயும் லட்சத்துல ஒண்ணுக்குப் போட்ட இடத்துல கட்டி வரலாம், அதனால கால்லதான் போடுவேன். அதுவரைக்கும் வெளியே விடாதீங்க. யோசிச்சுட்டு வாங்க. போடாம வீட்டுக்குள்ளயே பூட்டி வச்சிருக்கறதும் ஒரு வழிதான்."

கதவு திறந்தது, ஒரு பெரிய நாயும் அதன் அலறலும் உள்ளே வந்தன, குடோன்காரர் பையோடு வெளியே வந்தார்.

படியில் இறங்கும்போது அவர் காதில் மற்றது எதுவும் இல்லை. செத்த மருந்து. அந்தம்மா வாயால் சொன்னது. வெட்கப்படாமல், முகத்தைப் பார்த்து. இவனுக்குச் செத்த மருந்துதான் போடணும். எப்படியும் சாகப்போகிற பூனை, கிழவன் பூனை, தெருவிலிருந்து வந்த பூனை. நல்ல மருந்தை எதற்கு வீணாக்குவது என்று நினைத்திருப்பாள். அதுவும் கையில் இல்லை, எங்கிருந்தோ வரவழைக்கிறாளாம். எந்த மூலையிலிருந்து வரும் என்று அவருக்குத் தெரியாதா? அந்த மூலையை இருபத்தாறு வருஷம் அடுக்கி வைத்தவர் அவர்.

கால்வாசி வழியில், மின்கம்பத்தில் சாய்ந்து நின்று மூச்சு வாங்கினார். பையிலிருந்து பூனை மேலே பார்த்தது.

"என்னை எவ்வளவு முட்டாள்னு நெனச்சிருக்கா பாருடா வக்கீல்" என்றார்.

வீட்டில் தங்கச்சி வாசலிலேயே நின்றாள். "வக்கீல், என்ன சொன்னாங்க?"

லுகேமியா என்று அவர் சொல்லவில்லை. அந்த வார்த்தை அவர் வாயில் நிற்கவும் இல்லை. "ரத்தம் கம்மியாம். தெரு நோய்க்கு ஊசி போடணுமாம்" என்று மட்டும் சொன்னார். அவர் பயமெல்லாம் ஒன்றுதான். இன்னொரு தடவை இந்த வீட்டுக்குள் செத்த மருந்து வரக் கூடாது. வந்து, பூனையும் போய், அவள் குப்பியைப் பொறுக்கிப் பார்த்தால், பதினோரு வருஷத்துச் சத்தியமும் அதோடு போய்விடும்.

மறுநாள் காலை டயர் கடைக்காரரிடம் விசாரித்து ஊசிக்காரரைப் பிடித்தார். அவர் டாக்டர் இல்லை. நாய்ப் பண்ணை ஒன்றில் பத்து வருஷம் கூடமாட வேலை பார்த்துவிட்டு, இப்போது ஸ்கூட்டரில் ஐஸ் டப்பா கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் ஊசி போடுகிறவர். கை சுத்தம், வாய்தான் சுத்தமில்லை.

"பெருசு, பூனையைக் கெட்டியாப் புடி. போன வாரம் ஒருத்தன் விட்டுட்டான், என் கட்டை விரலைக் கேளு."

"முதல்ல மருந்தைக் காட்டு. உயிருள்ளதுதானே?"

ஊசிக்காரர் புருவத்தை உயர்த்தினார். "அட, விவரமான ஆளா இருக்கியே. உயிருள்ளதுதான். நான் வேற வச்சிக்கறதே இல்ல." ஐஸ் டப்பாவைத் திறந்து இரண்டு சின்னக் குப்பி எடுத்தார். ஒன்றில் அடியில் வெள்ளையாக வில்லை மாதிரி ஒட்டியிருந்தது, ஒன்றில் தண்ணீர்.

குடோன்காரர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். லேபிள் முழுசாக இருந்தது, சுரண்டல் இல்லை. விரல் நுனியால் தடவிப் பார்த்தார். மாசம், வருஷம். இரண்டாவது தடவையும் பார்த்தார்.

தங்கச்சி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "வக்கீல், தேதி பாக்கச் சொல்லு."

"வக்கீல், பாத்தாச்சு. இன்னும் பதினாலு மாசம் உயிர் இருக்குன்னு சொல்லு. வேணும்னா அவங்களையே வந்து பாக்கச் சொல்லு."

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். அவர் கையிலிருந்த பூதக்கண்ணாடியையும் குப்பியையும் வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலுக்கு அவர் பதினோரு வருஷம் காத்திருந்தார்.

"பூனைக்கு வேற சீக்கு எதாவது உண்டா பெருசு?" ஊசிக்காரர் ஊசியில் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். "ரத்தம் கித்தம் பாத்தீங்களா? சீக்குப் பூனைன்னா நான் தொட மாட்டேன். அப்புறம் என் தலைல கட்டுவீங்க."

"கல்லு மாதிரி இருக்கான்" என்றார் குடோன்காரர்.

தண்ணீர் உள்ளே போனதும் வெள்ளை வில்லை கரைந்து சுழன்றது. பார்த்துக்கொண்டிருந்த அவருக்கு அது கண் விழிக்கிற மாதிரியே தோன்றியது. உயிர் வந்துவிட்டது என்று நினைத்தார். பிடரியில் தோலைத் தூக்கி ஊசிக்காரர் போட்டார். வக்கீல் ஒரே ஒரு தடவை முனகியது.

அன்றைக்கு மத்தியானம் தட்டை வைக்கும்போது தங்கச்சி, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்றாள். பூனை அப்போது கட்டிலுக்கு அடியில் இருந்தது. சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்குமே உறைத்தது. அவர் குனிந்தே சாப்பிட்டார். நிமிர்ந்து பார்த்தால் அந்த வார்த்தை திரும்பிப் போய்விடுமோ என்று பயம்.

அடுத்த நாள், "குடையை எடுத்துட்டுப் போ" என்றாள். மூன்றாம் நாள், முதுகுக்குத் தைலம் இருக்கிறதா என்று அவரிடமே கேட்டாள். அவர் மருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தபோது தேதி பார்க்காமல் திறந்தாள். கிழவர் செருப்பை மாட்டிக்கொண்டார். தெருவுக்குப் போய் வேண்டுமென்றே இருமிவிட்டு வந்தார்.

ஐந்தாம் நாள் வக்கீல் மீன் தலையைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறாம் நாள் காலை தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தது. அதன் பிறகு வாந்தி. அதன் பிறகு, அச்சகத்துக்குப் பின்னால் அவர் பார்த்தது எல்லாம் அவர் வீட்டுத் தரையிலேயே நடந்தது.

"ஊசி போட்டோமே. தேதியும் பாத்தோமே" என்றாள் தங்கச்சி. அவள் பாத்தோம் என்று சொன்னது அவருக்கு நெஞ்சில் குத்தியது. பையை எடுத்துக்கொண்டு ஓடினார்.

பூனையைத் தொட்டுப் பார்த்ததுமே டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. டிரிப்ஸ் ஏற்றினார். ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். "வெள்ளை அணு ஒண்ணுமே இல்ல. வெளியே விட்டீங்களா?"

"வாசல்படி தாண்டல."

"நான் உங்களுக்கு ரெண்டு தடவை போன் பண்ணேன் ஐயா. மருந்து வந்திருச்சு, எடுக்கலையே நீங்க."

"தெரியாத நம்பர் நான் எடுக்கறதில்ல." அப்புறம் தலையை நிமிர்த்தினார். மறைத்து என்ன செய்ய? "உங்க செத்த மருந்து எனக்கு வேண்டாம்னு நானே உயிருள்ளதா வாங்கிப் போட்டுட்டேன். ஒரு வாரம் ஆகுது. தேதி நல்லா இருந்துச்சு. நான் மருந்துக் குடோன்ல இருந்தவன்மா. செத்தது எது, இருக்கறது எதுன்னு எனக்குத் தெரியும்."

டாக்டரம்மா ஊசியைத் தட்டில் வைத்தார். கோபம்தான் முதலில் வந்தது, அது முகத்தில் தெரிந்தது. அப்புறம் எதையோ புரிந்துகொண்டவர் மாதிரி வாயை மூடி, மறுபடி திறந்தார்.

"ஐயா. கிருமிதான் செத்தது. மருந்து செத்தது இல்ல."

"என்ன?"

"கிருமியைக் கொன்னு அதுல செய்யற மருந்து. செத்த கிருமி நோய் தராது, ஆனா உடம்புக்கு எதிரியோட முகத்தை மட்டும் காட்டும். பலமில்லாத பூனைக்கு அதுதான் பத்திரம். உயிருள்ளது சோர்ந்துபோன கிருமிதான், ஆனா இவன் அதைவிடச் சோர்ந்து போயிருந்தான்." ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு குப்பியை எடுத்து மேஜையில் வைத்தார். "இவனுக்காக வந்தது."

அவர் பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை. குப்பியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பழக்க தோஷம். இன்னும் இரண்டு வருஷம் உயிர் இருந்தது.

"அப்ப நான் போட்ட ஊசிதான் கொல்லுதா? சுத்தி வளைக்காம ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"தெரியாது."

"ஆமான்னாலும் பரவாயில்ல. நான் அழ மாட்டேன்."

"நிஜமாவே தெரியாது ஐயா. அந்த ஊசியா இருக்கலாம். நீங்க தெருவுல மிதிச்ச செருப்போட நோய் வீட்டுக்குள்ள வந்து, ஊசி வேலை செய்யறதுக்குள்ள பிடிச்சிருக்கலாம். லுகேமியாவே முத்தியிருக்கலாம். மூணும் கடைசியில இப்படித்தான் இருக்கும். இதே நிலைமையில இருக்கற பூனைக்கு உயிருள்ளதைப் போட்டு ஒண்ணும் ஆகாததையும் பாத்திருக்கேன். ஒண்ணுமே போடாம செத்ததையும் பாத்திருக்கேன். நான் உங்ககிட்ட எதுல ஆபத்து கம்மின்னுதான் சொல்ல முடிஞ்சுது. ஆபத்தே இல்லாததுன்னு ஒண்ணு இருந்தா அதைச் சொல்லியிருக்க மாட்டேனா?" கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார், "அன்னைக்கு நானும் நாயைப் பாக்கறதுக்கு முன்னாடி முழுசாச் சொல்லி முடிச்சிருக்கணும்."

அந்தக் கடைசி வார்த்தை குடோன்காரருக்குப் பிடிக்கவில்லை. பழியை முழுசாக அவர் மேல் போட்டிருந்தால் தூக்கிக்கொண்டு நடந்திருப்பார். சுமந்து பழகியவர். பாதியைப் பிடுங்கிக்கொண்டதும் தோள் எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியவில்லை.

பதினொன்றரை மணி சுமாருக்கு வக்கீல் வாயைத் திறந்து மூச்சு விட்டது. டாக்டரம்மா, "வலி இல்லாம முடிச்சிடட்டுமா?" என்று கேட்டார். அவர் ஊசியைப் பார்த்தார். "இன்னொரு ஊசியா?" என்றார். அவர் முடிவு பண்ணுவதற்குள் பூனையே முடிவு பண்ணிவிட்டது. பின்னங்கால் இரண்டு தடவை உதறி நின்றது. கழுத்தில் வெள்ளைப் பட்டை கஞ்சி போட்ட மாதிரி வாந்தியில் விறைத்திருந்தது. ஈரத் துணி கேட்டு வாங்கி அதை மட்டும் துடைத்தார்.

அதே பையில், அதே துண்டில், இந்தத் தடவை ஜிப்பை முழுசாக இழுத்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் தங்கச்சி கீழே உட்கார்ந்து தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூடியிருந்த ஜிப்பைப் பார்த்ததும் தேய்ப்பதை நிறுத்தினாள். கண்ணீர் வந்தது, சத்தம் வரவில்லை.

வரும் வழியெல்லாம் அவர் ஒரு பொய்யைத் தயார் பண்ணிக்கொண்டுதான் வந்தார். தெரு நோய் வந்துவிட்டது, ஊசி வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். பொய்கூட இல்லை அது. டாக்டரம்மாவே சொன்ன மூன்றில் ஒன்று. ஆனால் அவளுக்குத் தெரியாமல் மருத்துவமனையில் ஒருத்திக்கு உண்மை தெரியும், இவருக்குத் தெரியும். இந்த வீட்டில் ஏற்கனவே ஒன்று அப்படி இருக்கிறது. இரண்டாவதுக்கு இடமில்லை.

"நான்தான் பண்ணிட்டேன்" என்றார்.

சொன்னார். லுகேமியாவைச் சொன்னார். செத்த மருந்தைச் சொன்னார், அதைத் தான் எப்படி எடுத்துக்கொண்டார் என்பதைச் சொன்னார். ஊசிக்காரர் கேட்டபோது கல்லு மாதிரி இருக்கான் என்று சொன்னதையும் விடவில்லை. தங்கச்சி கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒரு தடவை அவள் கை பையின் மேல் போய் உட்கார்ந்தது.

"நீ வேணும்னு பண்ணல" என்றாள் கடைசியில். அவரைப் பார்த்தே சொன்னாள். "நாம படிக்காதவங்க. அந்தம்மா செத்ததுன்னு சொன்னா நமக்கு வேற என்ன தோணும்? நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன். தேதியைத்தான் பாத்தோமே."

பதினோரு வருஷத்தில் இவ்வளவு வார்த்தை அவள் அவரிடம் சேர்ந்தாற்போலச் சொன்னதில்லை. சுமை இறக்கியதும் கூலிக்காரன் வாய்க்கு வந்ததைப் பேசுவான், அந்த மாதிரி பேசினார்.

"ஆமா. பாத்தேன். ஒண்ணுக்கு ரெண்டு தடவை பாத்தேன். பிரிச்சு, வெளிச்சத்துல வச்சு, தடவிப் பாத்தேன். அப்ப மாதிரி இல்ல, இந்தத் தடவை சரியா..."

நிறுத்திக்கொண்டார்.

தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள். அது கிளம்பிப் போய்ச் சத்தம் ஓய்ந்ததும் தங்கச்சி பையின் மேலிருந்த கையை எடுத்தாள்.

"அப்ப மாதிரின்னா?"

இன்னொரு சத்தியம் பண்ணலாம். தலை இன்னும் கழுத்தின் மேல்தான் இருந்தது. ஆனால் கை எழும்பவில்லை.

"காகிதத்தைப் பிரிக்கவே இல்ல" என்றார். "சுத்திக் கொடுத்தான், வாங்கிட்டு வந்துட்டேன். செத்ததா இருந்துச்சா, இல்லையான்னு எனக்கும் தெரியாது. அந்த நுரையீரலுக்கு நல்ல மருந்தே போட்டிருந்தாலும் மச்சான் பொழச்சிருப்பாரான்னு தெரியாது. யாருக்குமே தெரியாது."

"அதை நான் கேக்கல" என்றாள் அவள். "நீ பாத்தியான்னுதான் அன்னைக்கும் கேட்டேன்."

எழுந்தாள். பையைத் தூக்கிக்கொண்டாள். அவர் கை நீட்டினார், அவள் தரவில்லை. பின்வாசலில் சாத்தி வைத்திருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். அவர் பின்னாலேயே போனார். சுவர் ஓரம், துணி உலர்த்தும் கம்பிக்குக் கீழே மண் இறுகிப்போய்க் கிடந்தது. அவளுக்கு அறுபத்தைந்து வயசு. ஒவ்வொரு வெட்டுக்கும் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"குடு. நான் வெட்டறேன்" என்றார்.

அவள் வெட்டினாள்.

"மண்ணு கல்லா இருக்கு. தண்ணி கொஞ்சம் ஊத்தினா இளகும்" என்றார். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து குழிக்குப் பக்கத்தில் வைத்தார். அவள் வாளியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் அங்கிருந்து வெட்டினாள். முழங்கால் ஆழம் வந்ததும் துண்டோடு பூனையை எடுத்து இறக்கினாள். கையாலேயே மண் தள்ளினாள். தள்ளி முடித்து மிதித்தாள். நாய் தோண்டாமல் இருக்க மேலே ஒரு கருங்கல்லைப் புரட்டிப் போட்டாள். அதற்கு மட்டும் அவரும் ஒரு பக்கம் கை கொடுத்தார். கல் விழுந்ததும் அவள் தன் கையை உதறிக்கொண்டாள்.

வாளித் தண்ணீரில் மண்வெட்டியைக் கழுவினாள், காலைக் கழுவினாள், உள்ளே போனாள். கதவை ஓசையில்லாமல் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அவர் இன்னும் கொல்லைப்புறத்தில்தான் நிற்கிறார் என்பது அவளுக்குத் தெரியும்.